சேராத பிளாஸ்டிக்குகளைச் சேர்த்தல்: பிளாக் கோபாலிமரைத் தேர்ந்து, அளந்து, கலந்து, சோதிக்கும் முறை

எச்.டி.பி.இ. எனப்படும் உயர் அடர்த்திப் பாலிஎத்திலீனையும் பாலிஸ்டைரீனையும் ஒரே எக்ஸ்ட்ரூடரில் உருக்கிக் கலந்து, வெளிவரும் இழையைக் குளிரவைத்துக் கையால் வளைத்தால், அது சட்டென்று முறியும். முறிந்த இடத்தில் ஏடு ஏடாகவோ நார் நாராகவோ பிரிந்து நிற்கும். தனியாக எடுத்துக்கொண்டால் முன்னது நன்றாக நீளக்கூடியது, பின்னது நல்ல விறைப்புடையது. கலவையில் இந்த இரண்டு குணங்களுமே காணாமல் போவதற்குக் காரணம், இரு பொருள்களும் தொட்டுக்கொள்ளும் இடைமுகம் வலுவற்று இருப்பதுதான். அந்த இடைமுகத்தை வலுப்படுத்த பிளாக் கோபாலிமரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வளவு சேர்ப்பது, எப்படிக் கலப்பது, பயன் கிடைத்ததா என்பதை எப்படி உறுதிசெய்வது என்பவற்றை, பெரும்பாலும் இந்த எச்.டி.பி.இ. – பாலிஸ்டைரீன் இணையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சிறிய மூலக்கூறுகள் கொண்ட இரு திரவங்கள் கலக்கும்போது ஒழுங்கின்மை வெகுவாகக் கூடுவதால், அவற்றுக்கிடையே சிறு வெறுப்பு இருந்தாலும் அவை கலந்துவிடுகின்றன. பாலிமரில் ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான அலகுகள் கோத்த நீண்ட சங்கிலியாக இருப்பதால், கலப்பதனால் கிடைக்கும் என்ட்ரோபி மிகமிகக் குறைவு. அலகுக்கு அலகு இருக்கும் வெறுப்போ சங்கிலியின் நீளத்தால் பெருக்கப்படுகிறது. அதனால்தான் பெரும்பாலான பாலிமர் இணைகள் கலப்பதில்லை. பாலிஸ்டைரீனும் பாலிஃபீனிலீன் ஈதரும் எல்லா விகிதத்திலும் கலப்பது போன்ற நிகழ்வுகள் விதிவிலக்குகளே.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். பிளாக் கோபாலிமர் சேர்த்தபின்னும் இரு பிளாஸ்டிக்குகளும் மூலக்கூறு அளவில் கலப்பதில்லை. சூடாக்கும்போது பொருளில் நேரும் மாற்றங்களைக் காட்டும் டி.எஸ்.சி. கருவியில் வைத்துப் பார்த்தால், எச்.டி.பி.இ.யின் உருகுநிலை ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸிலும், பாலிஸ்டைரீனின் கண்ணாடி நிலைமாற்றம் ஏறத்தாழ 100 டிகிரியிலும் முன்போலவே தெரியும். அந்த இரு குறிகளும் நகரவில்லை என்று கண்டு முயற்சி தோற்றதாக முடிவு கட்டுவது, மாணவர்களின் ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் தவறு. மாறியிருக்க வேண்டியவை, ஒரு பிளாஸ்டிக் மற்றதனுள் சிதறி நிற்கும் துளிகளின் அளவும், துளிக்கும் அதைச் சூழ்ந்த ஊடகத்துக்கும் இடையிலான பிடிப்பும் மட்டுமே.

இணக்கி இடைமுகத்தில் செய்யும் வேலை

இணக்கி என்பது சேராத பிளாஸ்டிக்குகளைப் பிணைக்கச் சேர்க்கும் பொருள்; இங்கே அது பிளாக் கோபாலிமர். பிளாக் கோபாலிமர் என்பது இரண்டு வெவ்வேறு பாலிமர்த் துண்டுகள் சகப்பிணைப்பால் முனையோடு முனை இணைந்த ஒரே சங்கிலி. ஒரு துண்டு ஒரு பிளாஸ்டிக்கை விரும்பும். மறுதுண்டு மற்றதை விரும்பும். ஆகவே அச்சங்கிலிக்கு மிகவும் உகந்த இடம் இடைமுகமே. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே சோப்பு செய்யும் வேலையை இது ஒத்திருப்பினும், சோப்பினால் முடியாத ஒன்றையும் இது செய்கிறது: இரு பக்கத்துச் சங்கிலிகளுடனும் பின்னிக்கொண்டு, குளிர்ந்து இறுகிய பிறகு இடைமுகத்தைத் தைத்துவைக்கிறது.

உருகிய நிலையில் இதன் பயன் இரு வகைப்படும். முதலாவது, இடைமுக இழுவிசை குறைகிறது. எச்.டி.பி.இ.க்கும் பாலிஸ்டைரீனுக்கும் இடையே உருகிய நிலையில் அது மீட்டருக்குச் சுமார் 5 மில்லிநியூட்டன்; இது குறையக் குறைய, உருகின் அடுக்குகளைச் சறுக்கவைக்கும் அதே வெட்டுவிசையில் துளிகள் இன்னும் சிறியதாக உடையும். இரண்டாவது, ஒன்றையொன்று நெருங்கும் இரு துளிகள் மீண்டும் சேர்ந்து பெருத்துவிடாமல், மேற்பரப்பில் அடர்ந்து நிற்கும் கோபாலிமர்ச் சங்கிலிகள் தடுக்கின்றன. பாடநூல்கள் முதலாவதற்கே அதிக இடம் தருகின்றன. எக்ஸ்ட்ரூடருக்குள் உண்மையில் பெரும்பயன் தருவது இரண்டாவது என்பதே என் கணிப்பு. ஏனெனில் உடைவது சில நொடிகளில் முடிந்துவிடும். மீண்டும் சேர்வதோ, உருகு குளிர்ந்து இறுகும்வரை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும்.

எந்தக் கோபாலிமர்

எச்.டி.பி.இ. – பாலிஸ்டைரீன் இணைக்குச் சந்தையில் எளிதாகக் கிடைப்பது எஸ்.இ.பி.எஸ்.; கிரேட்டான் ஜி என்ற வணிகப்பெயரில் பரவலாக அறியப்படுவதும் இவ்வகையே. இதன் இரு முனைகளிலும் ஸ்டைரீன் துண்டுகளும் நடுவில் எத்திலீன்–பியூட்டிலீன் ரப்பர்த் துண்டும் உள்ளன. முனைத்துண்டுகள் பாலிஸ்டைரீனுக்குள் புகும். நடுத்துண்டு பாலிஎத்திலீன் பக்கம் சாயும். பாலிபுரொப்பிலீன் – பாலிஸ்டைரீன் இணைக்கும் இதுவே பொருந்தும். விலை குறைவு என்பதற்காக எஸ்.பி.எஸ். வாங்குவோர் உண்டு, அதன் நடுத்துண்டாகிய பாலிபியூட்டாடையீனில் இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியிருப்பதால், 200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் அது குறுக்குப் பிணைந்து ஜெல்லாகவோ, சிதைந்து மஞ்சளாகவோ மாறும். ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட எஸ்.இ.பி.எஸ். இந்த வெப்பத்தைத் தாங்கும்.

துண்டுகளின் நீளம் பெயரைவிட முக்கியமானது. ஒரு துண்டு தன் பக்கத்துப் பிளாஸ்டிக்குடன் பின்னிக்கொள்ள வேண்டுமானால், அதன் மூலக்கூறு எடை அப்பாலிமரில் அடுத்தடுத்த இரு பின்னல்களுக்கு இடைப்பட்ட சங்கிலிப் பகுதியின் எடையை, அதாவது அதன் பின்னல் எடையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பாலிஸ்டைரீனுக்கு இது மோலுக்கு 17,000 முதல் 18,000 கிராம் வரை. பாலிஎத்திலீனுக்கு வெறும் ஆயிரத்தை ஒட்டியது. எனவே இந்த இணையில் நெருக்கடி பாலிஸ்டைரீன் பக்கத்தில்தான் இருக்கிறது. முனைத்துண்டு 7,000 அளவிலேயே நின்றுவிடும் வகைகள் துளிகளைச் சிறிதாக்கும். ஆனால் இறுகிய பின் இழுத்தால் அத்துண்டு பாலிஸ்டைரீனிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடக்கூடும்.

அதற்காக நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. நீண்ட சங்கிலி, உருகில் மெதுவாகவே நகரும். அது இடைமுகத்தைச் சென்று சேர்வதற்குள், தன் இனத்தோடு திரண்டு மைசெல் என்னும் சிறு உருண்டைகளாகி ஊடகத்திலேயே முடங்கிவிடும். அவ்வாறு முடங்கிய கோபாலிமர் வெறும் விலையுயர்ந்த ரப்பர். எக்ஸ்ட்ரூடரில் உருகு இருப்பது ஓரிரு நிமிடங்கள்தான் என்பதால், ஒரே வேதியமைப்புள்ள வகைகளில் பாகுநிலை குறைந்ததை முதலில் முயல்வது நல்லது. இரு துண்டு கொண்ட டைபிளாக் வகை கோட்பாட்டளவில் இடைமுகத்தில் நன்றாக அமையும். ஆனால் மூன்று துண்டு வகைகளே மலிவாகவும் பலதரப்பட்டும் கிடைப்பதால், நடைமுறையில் அவையே பெரிதும் பயன்படுகின்றன.

அளவைக் கணக்கிடுதல்

ஐந்து சதவீதம் போடுவோம், போதவில்லையென்றால் பத்து என்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதைவிட, ஒரு தாளில் போடக்கூடிய கணக்கொன்று உண்டு. கோபாலிமரின் தேவையைத் தீர்மானிப்பது கலவையின் எடை அன்று, இடைமுகத்தின் பரப்பு.

ஒரு கன சென்டிமீட்டர் கலவையில் 20 சதவீதக் கனஅளவு பாலிஸ்டைரீன், 0.5 மைக்ரான் ஆரமுள்ள துளிகளாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைப்போம். துளிகளின் மொத்தப் பரப்பு, துளிப்பொருளின் கனஅளவுப் பின்னத்தை மூன்றால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும்: 3 × 0.2 ÷ 0.00005 = 12,000 சதுர சென்டிமீட்டர், அதாவது 1.2 சதுர மீட்டர். சர்க்கரைக் கட்டியளவு பிளாஸ்டிக்குக்குள் ஒரு மேசைப் பரப்பு அடங்கியிருக்கிறது. ஒரு கோபாலிமர்ச் சங்கிலி இடைமுகத்தில் 5 சதுர நானோமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்வதாகக் கொண்டால், இப்பரப்பை முழுதும் மூட ஏறத்தாழ 2.4 × 10¹⁷ சங்கிலிகள் வேண்டும். சங்கிலியின் மூலக்கூறு எடை 1,00,000 என்றால், அவகாட்ரோ எண்ணால் வகுத்துப் பெருக்க, 0.04 கிராம் கிடைக்கும். பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஒன்றை ஒட்டியதாகையால், இது எடையில் 4 சதவீதம்.

இந்தக் கணக்கிலிருந்து சில முடிவுகள் தாமாகவே வருகின்றன. துளி ஆரத்தைப் பாதியாக்க விரும்பினால் கோபாலிமர் இரு மடங்கு வேண்டும். துளிகள் 1 மைக்ரான் ஆரத்தில் இருந்தாலே போதும் என்றால் 2 சதவீதம் போதும். சங்கிலி ஒன்று 10 சதுர நானோமீட்டரை அடைத்தால் தேவை பாதியாகும். எல்லாச் சங்கிலிகளும் இடைமுகத்தைச் சென்றடைவதில்லை என்பதால், கணக்கில் வந்ததைக் கீழ்வரம்பாகக் கொண்டு, 0, 1, 2, 4, 6, 8 சதவீதம் என்று ஒரு வரிசையாகக் கலவைகள் செய்து துளியளவை வரைபடமாக்க வேண்டும். முதலில் செங்குத்தாக இறங்கி, பின்னர் கிடைமட்டமாகிவிடும் வளைகோடு கிடைக்கும். வளைவு திரும்பும் இடத்தைச் சற்றே தாண்டி நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் சேர்ப்பது மைசெல்லுக்குத்தான் போகும். சேர்க்கச் சேர்க்க விறைப்பும் குறைந்துகொண்டே வரும் என்பதால், கூடுதலாகப் போட்டுவைப்பதில் தீங்கில்லை என்ற எண்ணமும் சரியன்று.

பொருளைத் தயார்செய்தல்

புதிய குருணைகளைப் பயன்படுத்துவோர் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம். மறுசுழற்சிப் பொருளாக இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்பதை அறியாமல் இணக்கி வாங்குவது வீண்செலவு. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் நீரில் மிதக்கும். பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05 ஆகையால், நுரையாக இல்லாதவரை அது நீரில் மூழ்கும். ஆனால் நன்றாக உப்புக் கரைத்த நீரில் மிதக்கும். குடிநீர்ப் பாட்டில் பிளாஸ்டிக்காகிய பெட்டும் பி.வி.சி.யும் அந்த உப்புநீரிலும் மூழ்கிவிடும். இரண்டு தொட்டிகளில் முடிகிற இந்தப் பிரிப்பைச் செய்யாமல் பி.வி.சி. துணுக்குகளை உள்ளே விட்டால், 200 டிகிரியில் அது ஹைட்ரஜன் குளோரைடை வெளியிட்டு ஸ்க்ரூவையும் டையையும் அரித்துவிடும். எந்தக் கோபாலிமரும் அதைச் சரிசெய்யாது. கழுவிய துணுக்குகளை நன்றாக உலர்த்தி, ஹிண்டர்டு ஃபீனால் வகை ஆன்டிஆக்சிடன்ட் 0.1 முதல் 0.2 சதவீதம் வரை சேர்த்துக்கொள்வது நல்லது.

கலத்தல்

ஒரே திசையில் சுழலும் இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரே இதற்கு ஏற்றது. ஒற்றை ஸ்க்ரூவில் கலப்பு போதாமல், கோபாலிமர் குருணைகளே துளிகளாகத் தங்கிவிடுவதுண்டு. எச்.டி.பி.இ. – பாலிஸ்டைரீன் கலவைக்கு ஹாப்பர் பக்கம் 180 டிகிரியில் தொடங்கி டை பக்கம் 210 வரை உயர்த்தலாம்.

பாகுநிலை விகிதத்தைக் கவனிக்காமல் விட்டால் முன்சொன்ன கணக்கெல்லாம் பயனற்றுப் போகும். துளியாகப் பிரிய வேண்டிய பொருளின் பாகுநிலை, ஊடகத்தினுடையதைவிட ஏறத்தாழ 4 மடங்குக்கு மேல் இருந்தால், வெறும் வெட்டோட்டத்தில் அத்துளி உடையவே உடையாது, சுழன்றுகொண்டே இருக்கும். ஓட்டத்தை இழுத்து நீட்டும் நீடிங் பகுதிகள் ஓரளவுக்குக் கைகொடுக்கும். ஆயினும் இரண்டின் பாகுநிலையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்குமாறு கிரேடுகளைத் தேர்ந்தெடுப்பதே நேரான வழி. எச்.டி.பி.இ.யின் எம்.எஃப்.ஐ. (உருகு ஓடும் எளிமையைக் காட்டும் எண்) 190 டிகிரியிலும் 2.16 கிலோவிலும், பாலிஸ்டைரீனுடையது 200 டிகிரியிலும் 5 கிலோவிலும் குறிக்கப்படுவதால், தரவுத்தாளில் உள்ள இரு எண்களையும் நேராக ஒப்பிடக் கூடாது. இரண்டையும் ஒரே வெப்பநிலையில், ஒரே எடையில் தாமே அளந்துகொள்ள வேண்டும்.

எதை எப்போது சேர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூன்றையும் ஒன்றாக ஹாப்பரில் இடுவது எளிது; பெரும்பாலும் அதுவே போதும். கோபாலிமரின் அளவு 2 சதவீதத்துக்கும் கீழ் என்றால், துளியாகப் போகும் பாலிஸ்டைரீனுடன் அதை முதலில் உருக்கிக் கலந்து மாஸ்டர்பேட்சாக்கி, பிறகு எச்.டி.பி.இ.யில் சேர்க்கும் முறையை நான் விரும்புவேன். அப்போது கோபாலிமர் துளிக்குள் இருந்து புறப்படுகிறது. அது இடைமுகத்துக்குக் கடக்க வேண்டிய தொலைவு துளியின் ஆரத்துக்கு மேல் போகாது.

முறிந்த முகத்தைப் பார்த்தல்

இழையில் விரல்நீளத் துண்டை மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் சில நிமிடங்கள் மூழ்கவைத்து, எடுத்தவுடன் முறித்து, முறிந்த முகத்தில் பொன் பூசி ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இக்கருவி இல்லாத சிறு தொழிலகத்தார், அருகிலுள்ள பல்கலைக்கழக ஆய்வகத்தையோ, சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தையோ அணுகலாம். இணக்கி இல்லாத கலவையில், பளபளப்பான உருண்டைகள் தனியே கிடப்பதும், உருண்டை பிடுங்கிக்கொண்டு போன இடத்தில் வழவழப்பான குழி இருப்பதும் தெரியும். உருண்டைக்கும் குழியின் சுவருக்கும் நடுவே மெல்லிய கருவளையமாகத் தெரிவது, அங்கே ஒட்டுதலே இல்லை என்பதன் அடையாளம். நன்கு இணங்கிய கலவையில் முறிவுக்கோடு துளிகளைச் சுற்றிப் போகாமல் ஊடறுத்துப் போகும். எது துளி, எது ஊடகம் என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும்.

துளியளவை அளப்பதற்கு, பாலிஸ்டைரீனை மட்டும் டெட்ராஹைட்ரோஃபியூரானில் அறைவெப்பநிலையில் கரைத்தெடுத்துக் குழிகளை அளக்கலாம், எச்.டி.பி.இ. அதில் கரையாது. எஸ்.இ.பி.எஸ். கரைந்துவிடும் என்பதால், ஒட்டுதலைத் தீர்மானிக்கக் கரைக்காத முகத்தையும், அளவைத் தீர்மானிக்கக் கரைத்த முகத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இழையின் நீளவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றுமாக இரு முகங்களைப் பார்ப்பதும் அவசியம். குறுக்கே வட்டமாகத் தெரிவது நீளவாக்கில் நாராக இருக்கலாம்.

மீண்டும் உருக்கிச் சோதித்தல்

எக்ஸ்ட்ரூடரிலிருந்து வந்தவுடன் துளிகள் சிறியதாக இருப்பதால் மட்டும் இணக்கி வேலை செய்துவிட்டது என்று சொல்ல முடியாது. கடுமையான வெட்டும் விரைவான குளிர்ச்சியும் இருந்தால், இணக்கி இல்லாத கலவையும் முதலில் நுண்ணியதாகத் தோன்றும். ஆகவே ஒரு துண்டை 200 டிகிரியில் அச்சுத் தகடுகளுக்கு நடுவே அழுத்தமில்லாமல் அரை மணி நேரம் உருகவைத்து, நீரில் குளிர்வித்து, மீண்டும் துளியளவை எடுக்க வேண்டும். இணக்கி இல்லாததில் துளிகள் பலமடங்கு பெருத்திருக்கும்; கோபாலிமர் உண்மையாகவே இடைமுகத்தில் இருந்தால் அளவு ஏறத்தாழ மாறாமல் நிற்கும். இந்த வழிமுறையில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், நான் இதையே தேர்ந்தெடுப்பேன். ஏனெனில் கலவை அடுத்துப் போகப்போவது இன்ஜெக்ஷன் மோல்டிங் எந்திரத்துக்கு. அங்கே அது மறுபடியும் உருகப்போகிறது.

இழுவிசைச் சோதனையையும் நாட்ச் இட்ட ஐசாட் தாக்கச் சோதனையையும் செய்யும்போது, ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். எஸ்.இ.பி.எஸ். தானே ஒரு ரப்பர். முறிவு நீட்சி கூடியது இடைமுகம் வலுப்பட்டதாலா, வெறும் ரப்பர் சேர்ந்ததாலா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதே அளவு இ.பி.டி.எம். ரப்பரைச் சேர்த்த ஒரு கலவையை உடன்வைத்து ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும். மோல்டிங் செய்த துண்டில் இரு உருகோட்டங்கள் சந்திக்கும் வெல்டு கோட்டை வளைத்துப் பார்ப்பதும், உருகு அச்சுக்குள் நுழையும் கேட் அருகே தோலுரிகிறதா என்று கத்தி முனையால் கீறிப் பார்ப்பதும் செலவில்லாத சோதனைகள்.

வேறு இணைகள்

நைலான் 6 – பாலிஎத்திலீன் இணைக்கு ஆயத்தக் கோபாலிமரைத் தேட வேண்டியதில்லை. மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிஎத்திலீனைச் சில சதவீதம் சேர்த்தால், நைலானின் அமீன் முனைகள் அதனுடன் வினைபுரிந்து, எக்ஸ்ட்ரூடருக்குள்ளேயே, அதுவும் இடைமுகத்திலேயே, ஒரு சங்கிலியில் மற்றது கிளையாக ஒட்டிய கிராஃப்ட் கோபாலிமரை உருவாக்கிவிடும். நகர்ந்து வந்து சேர வேண்டிய சிக்கல் இதில் எழுவதே இல்லை. நைலானை முன்கூட்டியே 80 டிகிரியில் வெற்றிட அடுப்பில் இரவு முழுவதும் உலர்த்தியிருக்க வேண்டும். நைலான் – பாலிபுரொப்பிலீன் இணைக்கு மாலியிக் ஒட்டிய பாலிபுரொப்பிலீனோ, அன்ஹைட்ரைடு ஒட்டிய எஸ்.இ.பி.எஸ்.ஸோ பயன்படும். பெட்டின் முனைகள் அன்ஹைட்ரைடுடன் மெதுவாகவே வினைபுரிவதால், அங்கே எப்பாக்சி வளையம் கொண்ட கிளைசிடைல் மெத்தாக்ரிலேட் வகை இணக்கி மேலானது.

மறுசுழற்சியில் மிக அதிகமாக வரும் இணை பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும்தான். இடைமுக இழுவிசை மிகக் குறைவாக இருந்தும் அவை ஒட்டுவதில்லை. பிடித்துக்கொள்ள வேதிப்பிடி ஏதும் இரண்டிலும் இல்லாததால் மாலியிக் வழியும் உதவாது. கார்னெல், மின்னசோட்டா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2017-இல் பாலிஎத்திலீன், ஐசோடாக்டிக் பாலிபுரொப்பிலீன் துண்டுகள் மாறிமாறி வரும் நான்கு துண்டுக் கோபாலிமரைத் தயாரித்து, ஒரு சதவீத அளவே உடையக்கூடிய கலவையை உறுதியானதாக மாற்றப் போதும் என்று காட்டினர். துண்டுகள் போதிய நீளம் இருந்ததும், ஒவ்வொன்றும் தன் இனத்தோடு சேர்ந்து படிகமானதுமே அந்தப் பிடிப்புக்குக் காரணம். இதே கோபாலிமர் கடையில் கிடைக்காதவர்கள், டவ் நிறுவனம் சங்கிலி மாற்று வினையூக்க முறையில் தயாரிக்கும் ஓலிஃபின் பிளாக் கோபாலிமர்களில், பாலிபுரொப்பிலீன் துண்டும் உடைய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். எத்திலீன்–ஆக்டீன் துண்டுகள் மட்டுமே கொண்ட வகை பாலிபுரொப்பிலீன் பக்கத்தில் படிகமாகாது. அதன் விலை கட்டுபடியாகாத இடங்களில், பலர் எத்திலீன்–புரொப்பிலீன் ரப்பரை 5 முதல் 10 சதவீதம் வரை சேர்க்கின்றனர். தாக்க வலிமை கூடும், விறைப்பு குறையும். வாளி, செடித்தொட்டி போன்ற பொருள்களுக்கு அது போதுமானது. எடை தாங்கும் கிரேட்டுப் பெட்டிகளுக்கும் அழுத்தம் தாங்கும் குழாய்களுக்கும் போதாது.